புதுப் பாம்பு சாப்பிட மறுக்கிறதா? முதல் ஆறு வாரங்களுக்கான வழிகாட்டி

வாங்கிவந்த பாம்பு எலியைத் தொடாமல் சுருண்டு கிடந்தால், எலியை மாற்றுவதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் வீடுகளில் புதிதாகப் பாம்பு வளர்க்கத் தொடங்குபவர்களிடம் பட்டினிப் புகார் வரும்போது, பெரும்பாலும் கோளாறு இருப்பது சூட்டிலும் மறைவிடத்திலும்தான். பாம்புக்கு உடற்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கியதைச் செரிக்க முடியாது. அதனால் அது விழுங்காமலே இருந்துவிடும். மறைவிடம் இல்லாவிட்டால், தலையை நீட்டி இரை பிடிக்கும் தைரியம் அதற்கு வராது.

இந்த வழிகாட்டி மூன்று பாம்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ராயல் பைத்தான். இரண்டு, அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். மூன்று, நம் ஊரிலேயே இருக்கும் பழுப்பு நிற ஹவுஸ் ஸ்நேக். மூன்றுக்கும் விஷம் இல்லை. அடம்பிடித்துப் பட்டினி கிடப்பதில் ராயல் பைத்தானை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஆகவே கீழே சொல்வதில் அதற்கே அதிக இடம்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசியாக என்ன சாப்பிட்டது, சுண்டெலியா, பெரிய எலியா? உயிரோடு கொடுத்ததா, உறைய வைத்து இளக்கியதா? எந்தத் தேதியில்? எந்த மாதிரிப் பெட்டியில் இருந்தது? நல்ல வளர்ப்பாளர் உணவுக் குறிப்பை எழுதி வைத்திருப்பார், கேட்டவுடன் காட்டுவார். "நல்லாச் சாப்பிடும்" என்று வாயால் மட்டும் சொன்னால், உங்கள் கண்முன் ஒருமுறை சாப்பிடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நான்கு முறைகூடத் தானாகச் சாப்பிடாத குட்டியை, முதல் பாம்பாக யாரும் வாங்க வேண்டாம்.

கூடவே காகிதங்களையும் கேளுங்கள். ராயல் பைத்தான், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். உள்நாட்டுப் பாம்பு வைத்திருப்பதற்கான அனுமதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். குவாசுலு-நட்டாலில், மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கரும்புத் தோட்ட ஓரத்தில் கண்ட மலைப்பாம்பையோ, கொல்லைப்புறத்தில் வந்த ஹவுஸ் ஸ்நேக்கையோ பிடித்துப் பெட்டியில் அடைப்பது சட்டத்துக்கும் ஆகாது, பாம்புக்கும் ஆகாது. காட்டில் பிடித்த பாம்பு ஒட்டுண்ணிகளோடு வரும். அடைபட்ட பயத்திலேயே மாதக்கணக்கில் சாப்பிடாது.

முதல் வாரம்: தொடாதீர்கள்

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் மாற்றுவதற்கும் கழிவை அள்ளுவதற்கும் மட்டும் தொட்டியைத் திறங்கள். உறவினர், அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள். முதல் நாளே எலி கொடுத்துப் பார்க்கும் ஆவலையும் அடக்க வேண்டும். இடம் மாறிய பதற்றத்தில் விழுங்கினாலும் கக்கிவிட வாய்ப்பு உண்டு.

இந்த ஏழு நாளும் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சூட்டைச் சரிபார்க்க வேண்டும்.

சூடு

தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். ராயல் பைத்தானுக்குச் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கும் ஹவுஸ் ஸ்நேக்குக்கும் சூடான பக்கம் 28 முதல் 30 போதும், மறுபக்கம் 22 முதல் 24.

இதை எங்கே அளக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மோமீட்டர் காட்டுவது சுவர்ப் பக்கத்துக் காற்றின் சூட்டை. பாம்பு படுப்பது தரையில். இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். ஒயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் வாங்கி, அந்த நுனியைச் சூடான பக்கத்து மறைவிடத்துக்குள், பாம்பு வயிறு படும் இடத்தில் வையுங்கள். காலையிலும் இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் பாருங்கள். விடியற்காலை அளவுதான் உண்மையைச் சொல்லும்.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) தொட்டித் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கட்டும். தொட்டிக்கு அடியில், வெளிப்புறமாக வையுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மின்சாரத்தில் செருகவே கூடாது. கட்டுப்பாடு இல்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டிப் போய் வயிற்றைச் சுட்டுவிடும். தெர்மோஸ்டாட்டின் உணரியை மேட்டுக்கும் தொட்டித் தரைக்கும் நடுவே டேப் போட்டு ஒட்டுங்கள். தொட்டிக்குள் விட்டால் பாம்பு அதைத் தள்ளிவிடும், அல்லது தண்ணீர்க் கிண்ணம் அதன்மேல் கவிழும். உணரி நனைந்து குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் ஏமாந்து மேட்டை எரியவிட்டுக்கொண்டே இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜோகன்னஸ்பர்க்கில் இரவுக் குளிர் கடுமை. டர்பனிலும் இரவு 11, 12 டிகிரிக்கு இறங்கும். மேட் தரையைச் சுட வைக்குமே தவிரக் காற்றைச் சூடாக்காது. அறையே 16 டிகிரியில் இருந்தால் ராயல் பைத்தான் சாப்பிடாது. தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் பலகையை ஒட்டுங்கள். சூடும் தங்கும், மூன்று பக்கம் மறைந்ததால் பாம்புக்கு அச்சமும் குறையும். இத்தனை மலிவான செலவில் இத்தனை பலன் தரும் வேலை வேறு இல்லை.

ஈரப்பதம் ராயல் பைத்தானுக்கு 55 முதல் 65 சதவீதம், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 50. டர்பன் கோடையில் காற்றே ஈரமானது, மேற்கொண்டு தெளிக்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. அங்கே பெரிய தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்துக்கு நகர்த்தி, மேல் வலையில் பாதியைப் பலகையால் மூடுங்கள்.

மின்வெட்டு நம் ஊரில் தனிப் பாடம். லோட் ஷெடிங்கோ, கேபிள் திருட்டோ, காரணம் எதுவானாலும் இரண்டு மூன்று மணி நேர வெட்டால் பாம்புக்குக் கேடில்லை. தொட்டியைக் கம்பளியால் போர்த்தினால் போதும், காற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் விடுங்கள். வெட்டு நீண்டால் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். வெட்டு நாள் என்று தெரிந்தால் அன்று எலி கொடுக்காதீர்கள். வயிற்றில் இரை இருக்கும்போது உடல் குளிர்ந்தால் அது செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும்.

மறைவிடம்

இரண்டு மறைவிடம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். அது பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிர்ந்த மூலையிலேயே கிடந்து பசியை இழக்கும்.

மறைவிடம் சிறியதாக இருக்கட்டும். உள்ளே சுருண்டால் பாம்பின் முதுகும் விலாவும் சுவரில் பட வேண்டும். கடையில் விற்கும் பெரிய பாறை வடிவக் குகை குட்டிக்கு மண்டபம்தான். நம் வீடுகளில் எப்போதும் கிடக்கும் காலி மார்ஜரின் டப்பா குட்டிக்குச் சரியான அளவு. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஓராண்டுப் பாம்புக்குப் பொருந்தும். கவிழ்த்து, ஓரத்தில் 3 முதல் 4 சென்டிமீட்டர் வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெளிச்சம் ஊடுருவும் டப்பா என்றால் மேலே கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

குட்டிக்குப் பெரிய தொட்டியே வாங்கிவிட்டீர்கள் என்றால், வெற்றிடத்தைக் கசக்கிய செய்தித்தாள், அட்டைக் குழாய், பிளாஸ்டிக் இலைகள் கொண்டு நிரப்புங்கள். அதன்பிறகும் மறுத்தால், பத்து லிட்டர் அளவுள்ள காற்றோட்டத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மாதம் மறுத்த குட்டி, பெட்டி மாறிய பத்து நாளில் சாப்பிடத் தொடங்குவது அடிக்கடி நடப்பதுதான்.

தொட்டி வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். தொலைக்காட்சி, ஸ்பீக்கர், வாஷிங் மெஷின் பக்கத்தில் அதிர்வு ஓயாது. பூஜையறை ஒட்டிய இடமும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கற்பூரப் புகையும் பாம்பின் நுரையீரலுக்குக் கெடுதி. கொசுவத்தியும் பூச்சி ஸ்ப்ரேயும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

எட்டாம் நாள்: முதல் இரை

இரையின் பருமன், பாம்பு உடலின் மிகப் பருத்த பகுதிக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கட்டும். குட்டிக்கு அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம். 70 கிராம் ராயல் குட்டிக்கு 7 முதல் 10 கிராம் உள்ள, மயிர் முளைத்த சுண்டெலி. ஏழு கிராம் கார்ன் குட்டிக்கு ஒரு கிராம் அளவில், பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத சுண்டெலிக் குட்டி (பிங்கி). சந்தேகம் என்றால் சிறியதையே கொடுங்கள். பெரிய இரையைப் பார்த்து மிரண்ட பாம்பு அடுத்த வாரமும் மிரளும்.

உயிருள்ள எலி வேண்டாம். பசியில்லாத பாம்போடு விட்ட எலி, இரவோடு இரவாகப் பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். உறைய வைத்த எலியே நல்லது. அதை இளக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதல் நாள் இரவு எலியை ஜிப் பையில் போட்டு, உணவுப் பண்டங்கள் படாத மூடிய டப்பாவுக்குள் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் விடுங்கள். மறுநாள் மாலை அதே பையோடு, கை பொறுக்கும் வெந்நீரில், சுமார் 40 முதல் 45 டிகிரி, பதினைந்து நிமிடம் அமிழ்த்துங்கள். கொதிநீர் ஊற்றினாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் வெளித்தோல் வெந்து உள்ளே பனிக்கட்டி நிற்கும், வயிறும் வெடிக்கும். வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம். பிறகு காகிதத் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, கடைசி அரை நிமிடம் தலைப்பகுதிக்கு மட்டும் ஹேர் டிரையர் காட்டுங்கள். ராயல் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. எலியின் தலை 38, 39 டிகிரியில் இருந்தால் அது உயிருள்ள இரையாகவே தெரியும். அறைச்சூட்டில் இருக்கும் எலி அதற்கு ஒரு கல்லைப் போலத்தான். கார்ன் ஸ்நேக்குக்கும் ஹவுஸ் ஸ்நேக்குக்கும் அந்தக் குழிகள் இல்லை, அவை வாசனையை நம்புபவை. ஆகவே அவற்றுக்கு டிரையர் கட்டாயமில்லை.

பொழுது சாய்ந்து அரைமணி கழித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறை வெளிச்சத்தில் கொடுங்கள். முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எலியின் பின்பகுதியைப் பிடித்து, மறைவிட வாசலிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். நாக்கு மெதுவாக, நீளமாக நீண்டு மடங்கினால், தலை எலியைத் தொடர்ந்து திரும்பினால், கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து பின்வாங்கினால், அது குறிவைக்கிறது. அசையாமல் நில்லுங்கள். தலையைச் சுருளுக்குள் புதைத்தாலோ, சீறினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ பயந்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எடுக்காவிட்டால் எலியை ஒரு சிறு தட்டில், மறைவிட வாசலில் வைத்துவிட்டு, தொட்டியைத் துணியால் மூடிப் போய்விடுங்கள். திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்காதீர்கள். காலையில் இருந்தால் எடுத்து எறியுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது. கையையும் இடுக்கியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எலியிலும் பாம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

மறுத்தால் அடுத்தடுத்து என்ன

அடுத்த முயற்சிக்கு ஏழு நாள் இடைவெளி விடுங்கள். நாள்தோறும் எலியை நீட்டுவது பாம்புக்குத் தொந்தரவே தவிர வேறில்லை. இன்னொரு விதி, ஒரு முயற்சிக்கு ஒரு மாற்றம் மட்டும். நான்கைச் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

இரண்டாம் முயற்சியில் எதையும் மாற்றாமல், சூட்டை மட்டும் மறுபடி அளந்து அப்படியே கொடுங்கள். மூன்றாம் முயற்சியில் எலியின் இனத்தை மாற்றுங்கள். சுண்டெலி தின்று பழகிய குட்டிக்குப் பெரிய எலியின் வாசனை உணவாகவே தோன்றாது, பெரிய எலிக்குப் பழகியதற்குச் சுண்டெலியும் அப்படியே. ராயல் பைத்தானுக்கு நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. மல்டிமாமேட் எலி ஆப்பிரிக்காவுக்கே உரியது. ராயல் பைத்தானின் சொந்த மண்ணிலும் அந்த எலிகள் உண்டு. வேறெதையும் ஏற்காத பைத்தான் இதை ஏற்பது பலரும் கண்டது. இதிலுள்ள தொல்லை, பிறகு இதைத் தவிர வேறெதையும் தொடாது என்று பிடிவாதம் பிடிக்கலாம். கிடைப்பது அரிதான ஊரில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

நான்காம் முயற்சியில், இளக்கிய எலியின் மண்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, சிறிது மூளைக்கசிவை மூக்கில் தடவிக் கொடுங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் குட்டிகளிடம் பலிக்கும். ஹவுஸ் ஸ்நேக் குட்டிகள் இயற்கையில் பல்லி தின்பவை. அவற்றுக்குப் பிங்கியைச் சோப்பில்லாமல் கழுவி, வளர்ப்புப் பல்லி உரித்த சட்டையில் புரட்டிக் கொடுக்கலாம். சுவரில் ஓடும் பல்லியையே பிடித்துப் போடாதீர்கள், ஒட்டுண்ணி சேர்ந்து வரும்.

ஐந்தாம் முயற்சியில், குட்டியையும் எலியையும் துளையிட்ட சிறு டப்பாவில் சேர்த்து வைத்து, அந்த டப்பாவைத் தொட்டியின் சூடான பக்கத்திலேயே இரவு முழுக்க விடுங்கள். உள்ளே 28 டிகிரிக்குக் குறையாமலும் 31 தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமான இருட்டில் வேறு வேலை இல்லாததால் பல குட்டிகள் விழுங்கிவிடும்.

வாயைத் திறந்து திணிப்பதை வீட்டில் செய்யாதீர்கள். தாடையும் தொண்டையும் கிழியும். அது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது.

பாலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் பக்தி. தொட்டியில் பால் வைப்பது வேறு விஷயம். பாம்பால் பாலைச் செரிக்க முடியாது. தாகத்தில் குடித்தாலும் கழிச்சல்தான் வரும். தண்ணீர் மட்டும் வையுங்கள்.

கவலைப்பட வேண்டாத பட்டினி

கண் பால்போல் மங்கி நீலம் பாய்ந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது பார்வை மங்கியிருக்கும், பெரும்பாலான பாம்புகள் சாப்பிடாது. உரித்து இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள்.

600, 700 கிராமைத் தாண்டிய ஆண் ராயல் பைத்தான் குளிர்காலத்தில், நம் கணக்கில் மே முதல் ஆகஸ்ட் வரை, இணை தேடும் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாதவரை விட்டுவிடுங்கள். வடகோளத்து நாட்டவர் எழுதிய குறிப்புகளில் நவம்பர், டிசம்பர் என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பரில் பசி திரும்பும்போது நம் வீடுகளில் புரட்டாசி விரதம் தொடங்கிவிடும். ஃபிரீசரில் எலி இருக்கக் கூடாது என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் அதில் நியாயம் உண்டு. கராஜில் சிறு ஃபிரீசர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், பாம்பு வளர்க்கும் நண்பர் வீட்டில் ஒரு மாதத்துக்கான எலிகளை முன்பே கொடுத்து வையுங்கள். விரதத்துக்காகப் பாம்பைப் பட்டினி போடவும் வேண்டாம், பாம்புக்காக வீட்டாரோடு சண்டையும் வேண்டாம்.

தராசும் மருத்துவரும்

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசைப் பாம்புக்கென்றே வாங்குங்கள். வாங்கிய நாளின் எடையைக் குறியுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உணவு நாளுக்கு முந்தின நாள், டப்பாவோடு நிறுத்து டப்பா எடையைக் கழியுங்கள். நாள் கணக்கைவிட இந்த எண் நம்பத்தக்கது. 1,500 கிராம் பைத்தான் மூன்று மாதம் சாப்பிடாமல் 30 கிராம் இழந்தால் ஒன்றுமில்லை. 60 கிராம் குட்டி 6 கிராம் இழந்தால் காத்திருக்க நேரமில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு போனால் மருத்துவரிடம் போங்கள். கார்ன், ஹவுஸ் ஸ்நேக் குட்டிகள் நான்கு வாரம் ஒன்றும் எடுக்காவிட்டால் எடை பார்க்காமலே போங்கள்.

வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் குமிழி, விசில் போன்ற ஒலி இருந்தால் சுவாசத் தொற்று. ஈறு சிவந்து மஞ்சள் படிவு தெரிந்தால் வாய்ப்புண். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் உண்ணி. இவை எதுவானாலும் இரையை மறந்துவிட்டு அன்றே தொலைபேசியில் அழையுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தருவீர்களா என்று முதலில் கேளுங்கள். எடைக் குறிப்பையும் சூட்டு அளவுகளையும், கிடைத்தால் புதிய கழிவு மாதிரியையும் எடுத்துச் செல்லுங்கள். அருகில் யாரும் கிடைக்காவிட்டால், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவமனையை அழைத்து வழி கேட்கலாம்.

சாப்பிட்டுவிட்டால்

நாற்பத்தெட்டு மணி நேரம் தொடாதீர்கள். எலி பெரியதென்றால் வீக்கம் வடியும்வரை. அடுத்த மூன்று உணவும் அதே எலி, அதே அளவு, அதே நேரம், அதே இருட்டு. மூன்றும் தடையின்றி எடுத்தபிறகே கையில் எடுத்துப் பழக்கத் தொடங்குங்கள், முதலில் பத்து நிமிடம்.

கக்கிவிட்டால் உடனே மறு இரை கொடுக்கக் கூடாது. செரிமான அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்து, சூட்டை அளந்து, தண்ணீர் மட்டும் வைத்து 14 நாள் விடுங்கள். பிறகு வழக்கத்தில் பாதி அளவு எலி. இரண்டாம் முறையும் கக்கினால் அது தொட்டிக் கோளாறாக மட்டும் இருக்காது, கக்கியதைப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.